முதல் வரிசைக் கண்டல்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் கரம்பொன் கரையில் நிற்கிறேன். அலையாத்தி மரங்கள் அடர்ந்த இந்தக் கண்டல் காட்டை மீனவர்கள் காத்த முறைதான் என் பட்டமேற்படிப்பு ஆய்வு. அதைக் கேட்க இவ்வூர் மேரி அக்கா, முன்பு இங்கே மீன்பிடித்து இப்போது கனடாவிலுள்ள தன் அண்ணனை வீடியோவில் அழைத்துத் தருகிறார்.

"கடல் பக்க முதல் வரிசையில நாங்கள் கத்தி வைக்கிறேல்லை, பிள்ளை. மீன்குஞ்சு ஒதுங்கிற இடம். இப்பவும் அப்பிடித்தானே நிக்குது?"

என் முன்னே அந்த வரிசை முழுக்க அடிக்கட்டைகள். வெட்டிய கம்புகள் கடலுக்குள், அக்கா வீட்டுக் கடலட்டைப் பண்ணைக்கு வேலியாக நிற்கின்றன.

"ஓம்" என்று என் வாய் சொல்லிவிடுகிறது.

"எங்கை, ஒருக்கால் காட்டும் பாப்பம்."

அக்கா போனைப் பறித்துத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். "இஞ்ச சிக்னல் இல்லை, அண்ணை." அழைப்பைத் துண்டிக்கிறார்.

பிறகு என்னைப் பார்க்காமல் சொல்கிறார்: "மரம் நிக்குதெண்டே எழுதும், பிள்ளை. அண்ணை கட்டாயம் வாசிப்பார்."