முப்பத்திரண்டு ஆணிகளும் ஒரு கருவாடும்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் ஐம்பதுகளில் செங்கல்பட்டில் கல்யாணத்துக்கு மண்ணெண்ணெயில் எரியும் காஸ் லைட் வாடகைக்கு விட்ட மூன்று பேரில், சொன்ன நாளில் சொன்ன இடத்தில் லைட்டை இறக்கியவன் நான் ஒருவன்தான். மற்ற இருவரும் எட்டாவது வரை படித்தவர்கள். ஆர்டரை நோட்டில் எழுதிவைத்துவிட்டு நோட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு நோட்டு கிடையாது. வீட்டோடு ஒட்டிய கடைச் சுவரில் முப்பத்திரண்டு ஆணி அடித்தேன், தமிழ் மாதத்தில் நாளுக்கு ஒன்று. ஆர்டர் வந்தால் அந்த நாள் ஆணியில் ஒரு சணல் கயிறு தொங்கும். எத்தனை லைட்டோ அத்தனை முடிச்சு. கயிற்று நுனியில் ஊருக்கு ஓர் அடையாளம்: கேளம்பாக்கத்துக்கு உப்புப் பொட்டலம், மகாபலிபுரத்துக்குக் கருங்கல் சில்லு, மதுராந்தகம் ரோட்டுக் கிராமத்துக்கு நெற்கதிர், கடலோரக் குப்பத்துக்குக் கருவாடு. காலையில் அன்றைய ஆணியைப் பார்த்தால் போதும்.

கயிற்றை மாட்டிய நிமிஷமே தேதியை மறந்துவிடுவேன். மறக்கத்தானே ஆணி? மாட்டிய பிறகும் மண்டையில் வைத்திருப்பவன் ஒரே சுமையை இரண்டு தலையில் தூக்குகிறவன். இதை எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை.

ஒரு வைகாசியில் இரண்டு பெரிய ஆர்டர் வந்தது. ஒன்று, மதுராந்தகம் ரோட்டில் ஒரு மிராசுதார் வீடு. இன்னொன்று, மகாபலிபுரத்துக்கு வடக்கே இருந்த குப்பத்தின் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், மகள் கல்யாணம். இரண்டும் வேறு வேறு நாள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு லைட். என்னிடம் இருந்ததே பன்னிரண்டுதான். நாட்டார் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“சரியா வந்து நின்னன்னா, கரையில கீற அத்தினி குப்பத்துக்கும் நீதான். வரலன்னா இந்தப் பக்கம் தலைய காட்டாத.”

பதினெட்டாம் நாள் காலை ஆணியைப் பார்த்தேன். பன்னிரண்டு முடிச்சு இருந்தது, நுனியில் ஒன்றுமில்லை. சரி, இன்னொரு பெரிய கயிறு தொங்கிய இருபதாம் ஆணியைப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்று போனால், அங்கேயும் பன்னிரண்டு முடிச்சு, நுனி மொட்டை. ஒன்றைப் பூனை தின்றிருக்கிறது, இன்னொன்றை எலி தின்றிருக்கிறது. எதை எது தின்றது என்றுதான் தெரியவில்லை. ஒரு ஊர் கிழக்கே, ஒரு ஊர் தெற்கே. தப்பான பஸ்ஸில் ஏறினால் ஒரு கல்யாணம் இருட்டில் நடக்கும், அத்தோடு கடற்கரை வியாபாரமும் போகும்.

என் வீட்டுக்காரி காப்பியோடு வந்தாள். அவள் ஐந்தாவது பாஸ், அதை மறக்கவே விடமாட்டாள்.

“இன்னா, மொட்டக் கயிறப் புடிச்சிகினு நிக்கற?”

“இன்னிக்கி நாட்டாரா, மிராசுதாரான்னு தெரில.”

“நல்லா கீது. வூட்ல பூனைய வெச்சிகினு கருவாட்டுல கணக்கு எழுதற ஆளு நீ ஒருத்தன்தான்யா.”

“பூனைய நானா வெச்சேன்? எலி தொல்லன்னு நீதான் கொணாந்த.”

“அது எலியப் புடிக்கும். கருவாட்டயும் வுடாது. அதுக்கு இன்னா, உன்ன மாரி ஒரே வேலையா?”

சொல்லிக்கொண்டே இரண்டு கயிற்றையும் பிடுங்கி மூக்கில் வைத்தாள். நானே முகர்ந்திருப்பேன். ஆனால் பத்து வருஷம் மண்ணெண்ணெய் ஊற்றிய மூக்குக்கு மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெய்தான்.

“இது ஒண்ணும் நாறல,” என்று இருபதாம் கயிற்றை எறிந்தாள். பதினெட்டாம் கயிற்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது நாறுது. கெளம்பு, நாட்டாரு வூடு.”

பன்னிரண்டு லைட்டையும் பஸ் கூரையில் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, குப்பத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. நாட்டார் பந்தல் வாசலிலேயே நின்றிருந்தார்.

“இன்னாய்யா லைட்டுக்காரா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“பொழுது போனாத்தானே லைட்டு, நாட்டாரே? மத்தியானமே வந்தா சூரியனுக்கா துணைக்கி நிக்கறது?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாட்டாரும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்புமுன் பன்னிரண்டு லைட்டும் எரிந்தது, ஒரு மேண்டில் வலைகூட உதிரவில்லை. அந்த வைகாசி முடிவதற்குள் கரையில் இன்னும் நான்கு குப்பங்கள் என்னைத் தேடி வந்தன.

திரும்பும்போது மணலில் கை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கி வந்தேன். அன்றிலிருந்து குப்பத்துக்குக் கிளிஞ்சல், கிராமத்துக்கு ஓட்டுச் சில்லு. எந்தப் பூனையும் எலியும் அதைத் தின்னாது.

கருவாட்டைத் தொங்கவிட்டது யார் புத்தி என்று என் வீட்டுக்காரி அதற்குப் பிறகு நூறு தடவை கேட்டிருப்பாள். அவள் முகர்ந்து பார்க்க அந்தக் கயிற்றைச் சரியான ஆணியில் மாட்டிவைத்தது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.