பிசியோதெரபி முடிந்ததும் பத்து வாளித் தண்ணீர்

இன்று மதியம் பிசியோதெரபி கட்டிலில் படுத்தபடி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது!

நான் ஆனையூர்ப் பக்கம் ஒரு ஆஞ்சநேயர் கோயிலில் அர்ச்சகர். சிலை ஏழடி உயரம்.

சனிக்கிழமை தோறும் வடைமாலை. ஸ்டூலில் ஏறி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித்தான் சாற்ற வேண்டும். (நூற்றெட்டு வடை என்ன கனம் என்று நேர்ந்துகொள்பவர்களுக்குத் தெரியாது!)

இரண்டு மாதமாக என் வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. ஃப்ரோசன் ஷோல்டராம்.

போன சனிக்கிழமை மாலை பாதியில் நழுவி, வடையெல்லாம் கருவறையில் உருண்டது. கூட்டம் கலைந்ததும் கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்தார்.

"சாமி, கோவிச்சுக்கிறாதீங்க. வர்ற சனிக்கெழமையும் இப்படின்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

இத்தனைக்கும் மூன்று வாரமாக ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறேன். பிசியோதெரபிஸ்ட் முத்துச்செல்விக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒத்தடம் கொடுத்து, தோள்பட்டையை அழுத்திப் பிடித்து, கையை மெதுவாக மேலே கொண்டுபோவார். உயிர் போகும்!

ஆனால் எழுந்திருக்கும்போது கை காதைத் தொடும். மறுநாள் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

இன்று அவர் பொறுமை போய்விட்டது.

"சாமி, நெசத்தச் சொல்லுங்க. இங்கருந்து போயி என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. குளிப்பேன், பூஜைக்குப் போவேன்."

"வரும்போதே குளிச்சிட்டுத்தான வாரீங்க? மறுபடி எதுக்கு?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். விட்டுவிடுவார் என்று பார்த்தேன். விடவில்லை.

"வெந்நியா, பச்சத் தண்ணியா?"

"கோயில் கெணத்துத் தண்ணி."

"மோட்டார் போட்டா?"

"மோட்டார்த் தண்ணி ஆசாரத்துக்கு ஆகாதும்மா. எறைச்சுத்தான்."

"எம்புட்டு வாளி?"

"ஒரு பத்து இருக்கும்."

என் கை அவர் பிடியில் அந்தரத்தில் நின்றது.

"பத்து வாளியா! நான் பேரையூர்க்காரி சாமி. கெணத்துல எறைக்கிறது தோளுக்கு எம்புட்டு வேலைன்னு எனக்குத் தெரியும். வெயிட்டு இழுக்காதீங்கன்னு மொத நாளே சொன்னேன்ல?"

சொன்னார்தான். ஆனால் குளிப்பதில் வெயிட் இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை!

"சரி, எதுக்கு ரெண்டாவது குளியல்? அதச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னால் இந்தப் பெண் என் கையைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போங்கள் என்று சொன்னாலும் நியாயம்தான். சொல்லாவிட்டால் சனிக்கிழமை கை ஏறாது.

"வெளியாளு தொட்டா, குளிச்சிட்டுத்தான் கருவறைக்குள்ள போகணும்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.



பிறகு என் கை மறுபடி மேலே போக ஆரம்பித்தது. முன்பைவிட மெதுவாக.

"நானுந்தான் ஒங்களத் தொட்ட பெறகு கையக் கழுவுறேன். அடுத்த பேஷண்ட்டத் தொடணும்ல? நீங்க அடுத்து சாமியத் தொடணும். எனக்கு அதுல வருத்தமில்ல. ஆனா கயித்தத் தொடாதீங்க, அம்புட்டுத்தான்."

அந்தப் பெண் என் குளியலுக்குச் சொன்ன காரணம், என் காரணத்தைவிட எவ்வளவோ நல்ல காரணம்.

ஏனென்றால் வலி வந்த புதிதில் என் மைத்துனன் வீட்டுக்கு வந்து தினமும் தைலம் தேய்த்துவிட்டான். அதே தோள். அதே பூஜை. ஒரு நாள்கூட நான் இரண்டாவது முறை குளித்ததில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. நன்றிகூடச் சொல்லாமல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் கிணற்றடியில் வெகு நேரம் நின்றேன். பிறகு பைப்பைத் திறந்து கை கால் மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

தீபாராதனை முடியும்வரை கற்பூரம் அணைந்துவிடுமோ, மணி கை நழுவுமோ என்று என்னென்னவோ பயம். ஒன்றும் ஆகவில்லை. ஆஞ்சநேயர் எப்போதும்போலத்தான் நின்றார்.

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். கை ஏறுமா, தெரியாது. இதைக் கமிட்டியில் யாராவது படித்தால் என்னை மாற்ற இன்னொரு காரணமும் கிடைத்துவிடும். (படித்தால் நேரில் வந்து திட்டுங்கள், குரூப்பில் வேண்டாம்!)

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று வாரம், பத்துப் பத்து வாளியாக ஊற்றி நான் எதைக் கழுவினேன் என்று கமெண்டில் சொல்லாதீர்கள்.

எனக்குத் தெரியும்.