நண்டு வலை வேலி

“…அடிக்காம வுட்டா ராத்திரிக்கு வந்து உன் பொடவைக்குள்ள படுத்துக்கும், அப்பறம் நீயாச்சு உன் தோட்டமாச்சு” என்றாள் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. பக்கத்து வீடு; இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்று. அந்த வாசலில் எங்கள் பங்குக்கு வந்த பாதியில்தான் என் தோட்டம். தோட்டத்துக்கு நான் கட்டியிருந்த வேலி பழைய நண்டு வலை. அந்த வலையில் ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு பாதி உடம்பு வரை நுழைந்து, மேலே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் கிடந்தது. அவள் புருஷன், என் மச்சாண்டார், படகு தள்ளும் கழியோடு நின்றார். அவருக்குப் பின்னால், ஏரிக்குப் போகவேண்டிய பாதி ஊர்.

மற்ற ஊர்க்காரர்கள் வேலிக்குக் கம்பி வாங்குவார்கள், முள் வெட்டுவார்கள். எங்களுக்கு எதற்கும் வலைதான். கோழிக்கூண்டுக்கு வலை, பூசணிக்கொடி ஏற வலை, ஆடு வராமலிருக்க வலை. வலையைக் கட்டி வைத்தால் அதில் ஏதாவது மாட்டும் என்று மீன் பிடிக்கிற குடும்பத்துக்கே தோன்றவில்லை பாருங்கள்.

தோட்டம் ரோஜாவில் ஆரம்பித்தது. திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடிகள். எங்கள் வாசலோ வெறும் மணல். “எராலயே கொழுக்க வெக்கற சேறு, ரோஜாவ வெக்காதா?” என்று என் வீட்டுக்காரர் கடல்தண்ணீர் ஏறுகிற எங்கள் ஏரியின் சேற்றைப் படகில் அள்ளி வந்து கொட்டினார். அது உப்பு என்று அவருக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத் துப்பியே வளர்ந்தவர்கள். கறுப்பாக, வெண்ணெய் மாதிரி அதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் புத்தி போய்விட்டது. சில நாளில் மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்தது. ரோஜா பூக்கவில்லை. ஐஸ் கொண்டுவருகிறவர் வண்டியை நிறுத்தி, “இன்னாம்மா, நர்சரியா சுடுகாடா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வீடு கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. போகிற ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை வீசாமல் போகமாட்டார்கள். செடிகளுக்கு நான் ஊற்றிய தண்ணீரைவிட அவற்றின்மேல் விழுந்த பேச்சுதான் அதிகம். எனக்கு அது பிடிக்கும். சும்மா போகிறவர்களையும் கூப்பிட்டு, “எதுவும் சொல்லலியா?” என்று கேட்கிற ஜாதி நான்.

ரோஜாவிடம் கெஞ்சுவதை விட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலே இங்கே வளர்வது என்ன என்று பார்த்தேன். மணல்மேட்டில் ஊதாப் பூவோடு ஓடுகிற அடம்பங்கொடி. பூவரசு. நொச்சி. நித்தியகல்யாணி. இவற்றையே கொண்டுவந்து வைத்தேன். மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி உடைந்தால் கரையில் எறிந்துவிடுவார்கள். அதில் ஓட்டை போட்டு, காட்டூரில் தங்கச்சி வயலிலிருந்து சாக்கில் வந்த மண்ணை நிரப்பித் துளசியும் கற்பூரவல்லியும் நட்டேன். இறால் ஓடுகளை மழையில் ஊறவிட்டு, உப்பு போனபிறகு இடித்து எருவாகப் புதைத்தேன். முதல் தடவை ஆழம் போதவில்லை. தெரு நாய்கள் எனக்கு முன்னால் அறுவடை செய்துவிட்டன.

பிறகு எருக்கு. அதுதான் ஓரகத்தியால் தாங்கமுடியாதது. “இன்னாமே, பாழடஞ்ச வூட்டுல மொளைக்கறத தண்ணி ஊத்தி வளக்கற?” எருக்கு இலையில் வரிவரியாகப் புழு வந்தது. நான் தொடவில்லை. “பூ கேட்டா இல்லன்ற, புழுவுக்கு மட்டும் பந்தி போடற” என்றாள். அந்தப் புழுவெல்லாம் செம்மஞ்சள் பட்டாம்பூச்சியாகி வாசலில் பறந்தபோது, வெறும் வலையோடு திரும்பியவர்கள்கூட நின்றார்கள். “எரால்தான் இல்ல, இதையாவது பாத்துட்டுப் போவோம்” என்றார் ஒருவர். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போனது.

அந்த மிதப்பில்தான் உடைந்த ஐஸ்பெட்டி ஒன்றை மண்ணில் பதித்து மழைத்தண்ணீர் பிடித்தேன். தவளை வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். தவளை வந்த சேதி என்னோடு நிற்கவில்லை, பாம்புக்கும் எட்டிவிட்டது.

ஓரகத்தி பக்கமும் நியாயம் உண்டு; எங்கள் வலை காயவேண்டிய பாதியைத் தோட்டம் பிடித்துக்கொண்டது. “உன் புருஷன் வலைய எங்க ஒணத்தறான்? என் பக்கத்துல. என் புருஷன் வலைய நான் தலையிலயா ஒணத்தறது?” என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தை எடுக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது அது வலையில் தொங்கியது. “பாம்ப அடிச்சிட்டு, கையோட இந்தக் காட்டையும் வெட்டுங்க” என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டாள். ஊரும் தலையாட்டியது. என் வீட்டுக்காரர் ஏரியில். நான் ஒருத்தி.

கூட்டத்தில் ஒருவர் அது நல்லபாம்பு என்றார்.

“படம் எடுக்கலியேப்பா.”

“வலைக்குள்ள எப்டிப்பா எடுக்கும்? எடம் வேணாமா?”

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவள் புடவைப் பேச்சு வந்தது. மச்சாண்டார் கழியைத் தூக்கினார். ஒரு அடி விழுந்தால் பாம்போடு நிற்காது, அதன் பின்னாலேயே அரிவாள் வரும்.

“அக்கா, ஒண்ணு கேட்டுக்கறேன். போன மழைக்கு உங்க வூட்டு வலைய எலி கடிச்சுதே?”

“கடிச்சுது. அதுக்கு இன்னா?”

“இந்த மழைக்கு?”

இந்த மழைக்கு ஒரு கண்ணிகூடப் போகவில்லை; எலியைச் சாரை பார்த்துக்கொண்டது. எலி கடித்த வலையை முடிகிற வேலை அவளுடையது. போன மழைக்காலம் முழுக்க ஊசியும் நூலுமாக உட்கார்ந்து எலியின் பரம்பரையையே திட்டித் தீர்த்தவள். இந்த மழையில் அந்தத் திட்டு எனக்குத்தான் வந்தது.

குனிந்து பாம்பைப் பார்த்தாள். “கழிய எறக்கு” என்றாள் புருஷனிடம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரச் சாக்கு ஒன்றை எடுத்துப் பாம்பின் தலைமேல் போட்டு, ஒரு காலால் அமுக்கிக் குந்தினாள். விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரிக்கிற அதே கை. செதில் போகிற போக்கிலேயே கண்ணி கண்ணியாகத் தள்ளினாள். வால் வெளியே வந்ததும் சாக்கோடு சேர்த்து நொச்சிப் புதருக்குள் வீசினாள். இலை சலசலத்தது, அடங்கியது.

வேலி வலை முழுவதையும் கம்புகளிலிருந்து அவிழ்த்துச் சுருட்டி என் காலடியில் போட்டாள். திறந்து கிடந்த வாசலை ஆடுகள் ஏற்கெனவே கவனித்துவிட்டன. அவள் பின்பக்கம் போய், விறகுக்கு வெட்டி வைத்திருந்த வேலிகாத்தான் முள்ளை இழுத்துக்கொண்டு வந்தாள். மச்சாண்டார் கையிலிருந்த கழியைப் பிடுங்கி, அதாலேயே முள்ளைத் தோட்டத்தின் ஓரமாக நெட்டித் தள்ளி அடைத்தாள்.