மூன்றேகாலா, மூன்றரையா

கல்யாணமான முதல் நாலு வருஷம் நான் மலைமேலும் அவர் அடிவாரத்திலுமாக இருந்தோம். போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு மைல் மண்சாலையில் போனால் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்குத் தமிழிலிருந்து கணக்கு வரை நடத்தும் டீச்சர் நான். அவர் கீழே போடியில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். யாராவது ஒருவர் வேலையை விடலாம் என்று பேசுவோம். யார் என்று வரும்போது பேச்சை மாற்றிக்கொள்வோம். எழுபதுகளில் கிடைத்த வேலையை விடுவதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மில்லில் ஷிப்ட் முடிந்ததும் அவர் மோட்டார் சைக்கிளில் கிளம்பி வருவார். சிவப்பு வண்டி. இருநூற்றைம்பது சிசி, இரண்டு பக்கமும் புகைக்குழாய். ரேஸ் வண்டி மாதிரி ஹேண்டிலைத் தாழ்த்தி, சீட்டைக் குறுக்கி, தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தார். மெட்ராஸ் பக்கம் ஒரு பழைய விமானத்தளத்தில் வருஷா வருஷம் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். அதில் ஒருதடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொன்னார். வேறு எதுவும் அவ்வளவு விவரமாகச் சொன்னதாக நினைவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மெட்டின் விளிம்புக்குப் போய் நிற்பேன். மேகம் இல்லாத நாளில் மலைச்சாலை முழுவதும் கீழே தெரியும். முதலில் சத்தம் வரும், பிறகு ஒரு வளைவில் சிவப்பாக ஒரு புள்ளி. வளைவில் மறைந்து அடுத்த வளைவில் தெரியும். அது மறைந்திருக்கும் நேரமெல்லாம் நான் மீதி வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான். மேகத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் ஏறி ஏறி வருவது இப்போதும் காதில் இருக்கிறது.

டயர் விஷயம் இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது. வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்துபோயின. இரண்டும் மூன்றேகால் அங்குல அகலம், பதினாறு அங்குலச் சக்கரம். முன்டயரில் நீளவாக்கில் கோடுகள், பின்டயரில் சிறு கட்டங்கள். அவர் புதிதாக வாங்கும்போது பின்னால் மூன்றரை அங்குலம் போட்டார். முன்னால் பட்டன் டயர் போட்டார், சேற்றில் ஜீப்புகள் போட்டு ஓட்டுவது மாதிரி முண்டு முண்டாக இருக்குமே, அது.

"முன்னாடி எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"தார் ரோட்டுக்குக் கோடு போட்டதுதான் சரி. ஆனா ஒங்க எஸ்டேட்டு மண்ணுல அது வழுக்கிட்டுப் போகுது. மெட்டுலயே வண்டிய விட்டுட்டு நடந்து வரணும். இதப் போட்டா ஒன் வாசல்ல வந்து நிப்பேன்."

"பின்னாடி அகலமா இருக்கே?"

"அது ரேஸுக்கு," என்று சிரித்தார்.

சொன்னபடியே வாசலில் வந்து நின்றார். சேறெல்லாம் வாரி அடித்துக்கொண்டு வண்டி ஏறி வருவதை லயத்துச் சனம் கூடி நின்று பார்க்கும். எனக்குப் பெருமை தாங்காது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பூப்பாறை வரைக்கும் போவார். அப்போதுதான் ஒரு சங்கடம். நான் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தாழ்ந்து, அந்த அகல டயர் செயின் மூடியில் உரசும். கர் கர் என்று வழியெல்லாம் சத்தம்.

"நீ ஏறுனாத்தேன் உரசுது," என்பார்.

"அப்ப நான் இறங்கிக்கிறேன்."

"ஒன்னய எறக்கிவிட்டுட்டு நான் எங்கிட்டுப் போக?"

இப்படியே பேசிக்கொண்டு போவோம். மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும் நடுவே இருப்பது கால் அங்குலம். நாலாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த உரசல் சத்தம் காதில் கேட்டு, கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிச் சிரித்துக்கொள்வேன்.

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. நல்ல சாரல். செக்போஸ்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர், "டீச்சரே, உள்ளே கேறி இரிக்கு, மழை நிக்கட்டே," என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றேன். சத்தம் வந்தது. நான் காத்திருந்த சத்தம் இல்லை, பஸ்ஸின் சத்தம். போடியிலிருந்து ஏறி வந்த பஸ் செக்போஸ்டில் நின்றதும் கண்டக்டர் என்னைத் தேடிக்கொண்டே இறங்கினார்.

"டீச்சர், பயப்படாதீங்க. சாரு கீழ ஒரு வளைவுல வண்டியோட விழுந்துட்டாரு. நல்லாப் பேசுறாரு. நாங்கதேன் கீழ போற லாரியில ஏத்திவிட்டோம்."

நல்லாப் பேசுகிறார் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்து இறங்கிய பஸ்ஸில் ஏறினேன். வளைவு வளைவாக இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இங்கேதானா, இங்கேதானா என்று தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஓரச்சுவரில் சிவப்புச் சாயம் தீற்றியிருந்தது. சாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காறை எலும்பு முறிந்திருந்தது. போடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"முன்னாடி வழுக்கிருச்சு," என்றார். "அந்தப் பட்டன் டயர் ஈரத் தார்ல நிக்காது. முண்டு மட்டுந்தேன் ரோட்டத் தொடுது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"கடைசி ஒரு மைலுக்காகப் போட்டேன்."

அந்த ஒரு மைல் யாருக்காக என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மெட்டுலயே வண்டிய விடுங்க. நான் அங்க வந்து நிக்கிறேன். சேர்ந்து நடப்போம்," என்றேன்.

கட்டு அவிழ்த்த பிறகு மதுரைக்குப் போய் டயர் வாங்கினோம். நானும் கூடவே போனேன். கடைக்காரருக்கு என்னைப் பார்த்து ஆச்சரியம். டயர் வாங்க யாரும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை போல. ஸ்டூல் எடுத்துப் போட்டு, "அக்கா ஒக்காருங்க," என்றார். நான் உட்காரவில்லை. அடுக்கி வைத்திருந்த டயர்களின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். புது ரப்பர் வாசனையில் தலை சுற்றியது.

முன்னால் கோடு போட்டது என்பதில் பேச்சே இல்லை. பின்னால்தான் தகராறு.

"மூணரையே இருக்கட்டும்," என்றார் அவர்.

"நான் ஏறினா உரசும்."

"வளைவுல பிடி நல்லாருக்கும்."

"நாம ரெண்டு பேரும் போற வண்டிங்க இது."

அவர் என்னைப் பார்த்தார். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். என் வீட்டுக்காரர் மூன்றரையை ஒருதரம் கையால் தடவிவிட்டு, மூன்றேகாலை எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடவல் எனக்கு மறக்கவில்லை. பழைய அகல டயரைத் தூக்கிப் போட மனசு வராமல் போடி வீட்டுப் பரணில் பத்திரமாக ஏற்றி வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த வருஷத்தைத்தான் நான் என் வாழ்க்கையின் நல்ல வருஷம் என்பேன். சனிக்கிழமைகளில் வண்டியை டீக்கடைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அந்த ஒரு மைலை இருவரும் நடந்தோம். மழையில் நடந்தோம், மேகத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நடந்தோம், அட்டைக்கடிக்கு உப்புத் துணியைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தோம். வாரம் முழுவதும் சேர்த்து வைத்த பேச்சு வீடு வந்தும் முடியாது. மில்லில் யார் யாரோடு சண்டை, எந்தப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாகப் போடுகிறது, எல்லாம். பந்தயத்தைப் பற்றி மட்டும் அவர் பேசவே இல்லை.

நானேதான் கேட்டேன். "ரேஸுக்கு எப்பப் போகப் போறீங்க?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "போகவா?"

"போயிட்டு வாங்க."

தை முடிந்து மண்சாலை காய்ந்து கிடந்தது. வண்டி என் வாசல் வரை வந்தது. பரணில் இருந்த அகல டயரை மடியில் கட்டாத குறையாகக் கொண்டுவந்தார். வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி, மூன்றேகாலை எடுத்துவிட்டு மூன்றரையை மாட்டினார். நான் காற்றடித்தேன். கழற்றியதை என் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். போடியிலிருந்து ஒரு லாரிக்காரர் வண்டியை மெட்ராஸ் வரை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார்.

பந்தயம் முடிந்த அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்குச் சத்தம் வந்தது. மெதுவாக வந்தது. இறங்கியதும் சிரித்தார்.

"ஓட்டவே விடல," என்றார்.

பந்தயத்துக்கு முன்னால் வண்டிகளைச் சோதிப்பார்களாம். சோதித்தவர் பின்டயருக்கும் செயின் மூடிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை. வேகத்தில் டயர் விரிந்தால் உரசும், உரசினால் வெடிக்கும், தள்ளி நிறுத்து என்றுவிட்டார். வேறு டயர் இருந்தால் மாற்றிக் கொண்டுவா என்றும் சொன்னாராம். அவருடைய வேறு டயர் என் சமையலறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பெறகு என்ன செஞ்சீங்க?"

"வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். என்னா சத்தம்ங்கற! ஒரு பய முன்னால போனான் பாரு, முழங்கால் தரையத் தொடுற மாதிரி சாச்சு..." கையைச் சாய்த்துக் காட்டினார். கை அப்படியே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றது.

"அடுத்த வருஷம் சரியான டயரோட போலாம்," என்றேன்.

"போலாம், போலாம்," என்றார்.

போகவில்லை. அடுத்த வருஷம் எங்கள் எஸ்டேட் தேயிலை ஃபாக்டரியிலேயே அவருக்கு வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் கிடைத்தது. போடி வீட்டிலிருந்து சாமான்களை ஜீப்பில் ஏற்றி வந்தோம். நாலு வருஷம் நான் வேண்டாத சாமி இல்லை, கிடைத்துவிட்டது. காலையில் கண் விழித்தால் பக்கத்தில் இருக்கிறார், மத்தியானம் சாப்பிட வருகிறார். வண்டியில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவருகிறார்.

ஆனாலும் சனிக்கிழமை மாலையானால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. என்னவோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் காரணமே இல்லாமல் மெட்டு வரை நடந்துபோய் விளிம்பில் நின்றேன். மேகம் இல்லை. கீழே போகும் ரோடு வளைவு வளைவாக வெறுமனே கிடந்தது. நான் பார்க்க ஏங்கியவர் என் வீட்டில்தான் இருந்தார், இருந்தும் அந்த ஏக்கம் போகவில்லை. வளைவில் மறைந்து மறைந்து ஏறி வரும் அந்த ஆளை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

என்னைக் காணோமென்று தேடிக்கொண்டு அவர் வந்துவிட்டார். ஃபாக்டரி உடுப்பில் தேயிலைத் தூசி.

"இங்க என்ன பாக்குற?"

"சும்மாதான்."

திரும்புவார் என்று நினைத்தேன். அவரும் பக்கத்தில் நின்று அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மட்டும், ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருப்பது போல மெல்லத் திரும்பி நின்றது. அவர் எதைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.