கோப்பாயில் நின்ற கார்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், ஈப்போவிலிருந்து ஆறு மாத லீவில் யாழ்ப்பாணம் வந்தேன். தங்கையின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்காக வந்தவன், பெரும்பாலும் பார்த்தது ஒரு பழைய காரின் வயிற்றைத்தான். இங்கே எழுதப்போகும் பயணங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் நூற்றைம்பது மைல் வராது. மலாயாவில் அது ஒரு பகல் ஓட்டம். எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

நல்லூரில் இருக்கும் என் தங்கை அன்னலட்சுமி நான்கு வருடங்களுக்கு முன் கணவரை இழந்தவள். அவர் விட்டுப்போனவை ஒரு கல்வீடு, புவனேஸ்வரி என்ற ஒரே மகள், ஒரு கார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய கார் அது. துணிக்கூரை, கயிற்றால் கட்டிய ஒரு கதவு, தொண்டை கட்டிய ஹோர்ன். பன்னிரண்டு வருடமாக அதை ஓட்டுகிறவர் வேலுப்பிள்ளை. மூன்று இடங்களில் மாப்பிள்ளை இருந்தது. தாய்மாமன் என்ற முறையில் முதலில் நான் போய்ப் பார்த்து வருவது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் சாவகச்சேரிக்குப் புறப்பட்டோம். பதினொரு மைல். பின்னால் தனியே இருந்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் வேலுப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். நாவற்குழிப் பாலத்தில் உப்புக்காற்று, கைதடியில் வெயில், அதற்கப்பால் பலாமரங்கள். ஒன்பது மணிக்குள் போய்விட்டோம். நல்ல மனிதர்கள். வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். புறப்படும்போது, என் இரண்டு கைக்குள்ளும் அடங்காத ஒரு பலாப்பழத்தைப் பின்னால் காலடியில் ஏற்றிவிட்டார்கள்.

திரும்பும்போது நாவற்குழியில் எஞ்சின் நின்றுபோனது. இருமாமல், செருமாமல், நின்றது.

வேலுப்பிள்ளை ஹோர்னை அழுத்தினார். அது கத்தியது. "பற்றறி இருக்கு, ஐயா. பெற்றோலும் இருக்கு. ஏனெண்டு விளங்கேல்லை" என்றார். திருத்துகிற சாமான்கள் கிடக்கும் ஆயுதப்பெட்டி பின்சீற்றுக்குக் கீழே இருந்தது. பலாப்பழத்தைத் தெருவில் இறக்கி வைத்து, சீற்றைத் தூக்கி, பிளக் கழற்றும் சாவியை எடுத்து, இரண்டு பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, முன்னால் போய்க் கைபிடியைச் சுழற்றினார். முதல் சுழற்றிலேயே எஞ்சின் பிடித்தது. பழத்தை ஏற்றினோம். அரியாலையில் மறுபடியும் நின்றது. அதே கதை.

வீட்டுப் படலையில் தங்கை நின்றாள். "வழியிலை ஏதும் தடங்கலோ, அண்ணை?"

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னேன். அவளுடைய முகம் மாறியது.

"அவர் நிப்பாட்டினவர்" என்றாள், இறந்த கணவரை நினைத்து. "தன்ரை காரிலை தன்ரை பிள்ளையின்ரை விசயமாப் போகேக்கை அவருக்குப் பிடிக்காட்டி நிப்பாட்டத்தானே செய்வார்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் சாதகம் பொருந்தவில்லை என்று சாவகச்சேரிக்கு ஆள் போனது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீர்வேலி. நல்லூரிலிருந்து ஐந்து மைல்தான். கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் தாண்டினால் செம்மண்ணும் வாழைத்தோட்டமும். மாப்பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். நான் போனபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகப்பனோடு வாய்க்காலைத் திருப்பி வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சேற்றுக்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்த நிற்பே எனக்குப் பிடித்துவிட்டது. தகப்பன் முருகேசர் சீதனப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தது இரண்டு இதரை வாழைக்குலை. வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"முதல் முதலா வந்திருக்கிறியள். வெறுங்கையோடை விடுறதே?"

கோப்பாயில் கார் நின்றது. பின்காலடியிலிருந்த குலைகளை இறக்கினோம், சாவியை எடுத்தோம், ஒன்றையும் கழற்றாமல் சுழற்றியதுமே எஞ்சின் பிடித்தது. ஏற்றினோம். இருபாலையில் நின்றது. ஐந்து மைலுக்கு ஒரு மணித்தியாலம். எனக்கு வந்த கோபத்தில் நடந்தே வந்திருப்பேன்.

"இரண்டு தரமோ?" என்று கேட்டாள் தங்கை. நீர்வேலிச் சாதகத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காங்கேசன்துறை, பன்னிரண்டு மைல். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். வீட்டில் கண்ணாடி அலுமாரி, பிரம்புக் கதிரை எல்லாம் இருந்தது. தேத்தண்ணி வந்தது, சீனி வரவில்லை, கடிக்க ஒரு பனங்கட்டித் துண்டு வந்தது. அதை முடிப்பதற்குள் நல்லூர் வீடு யார் பேரில் இருக்கிறது, வயல் எத்தனை பரப்பு, காரும் பெண்ணோடு வருமா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கோண்டாவில் என்று கார் ஓர் இடத்திலும் தயங்கவில்லை. நாற்பது நிமிடத்தில் வீடு.

"அவருக்குச் சம்மதம்" என்று தங்கை கண்ணைத் துடைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு சொல்லி அனுப்புவதென்று தீர்மானித்துவிட்டாள். நான் எவ்வளவோ கதைத்துப் பார்த்தேன். இறந்துபோன மனிதரோடு வாதாடி வெல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் புவனேஸ்வரி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இந்த விஷயத்தில் அதுவரை வாயே திறக்காத பிள்ளை.

"மாமா, நீங்கள் மலாயாவிலை ரெயில் எஞ்சினோடைதானே வேலை?"

"கந்தோரிலை கணக்கு எழுதுறன், பிள்ளை."

"பறவாயில்லை. எங்கடை காரை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. நீர்வேலியாலை வரேக்கை ஏன் நிண்டதெண்டு பாருங்கோ." சொல்லிவிட்டுக் குனிந்தபடி உள்ளே போய்விட்டாள். பிள்ளையின் விருப்பம் எங்கே என்று விளங்கியது. வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது.

செவ்வாய் காலை யாழ்ப்பாணப் பட்டினத்தில் கார் திருத்துகிற பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பிளக்குகளை மாற்றினார், பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைக் கழற்றிப் பூட்டினார், கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார். கூலி நாலு ரூபாய் ஐம்பது சதம். கோப்பாய்வரை மூன்று தரம் தானே ஓட்டிப் பார்த்தார். கார் நிற்கவில்லை.

"காரிலை பிழை இல்லை, ஐயா. வேணுமெண்டால் கோப்பாய் றோட்டைத் திருத்தச் சொல்லுங்கோ" என்று கையைக் கழுவிவிட்டார்.

புதன்கிழமை ஒரு கலன் பெற்றோல் அடித்துக்கொண்டு நானும் வேலுப்பிள்ளையும் நீர்வேலிச் சந்திவரை போய்த் திரும்பினோம். நிற்கவில்லை. மறுபடி போனோம். நிற்கவில்லை. நிற்கும் காரில் பிழை கண்டுபிடிக்கலாம்; நிற்காத காரில் எதைத் தேடுவது? முதலில் வேலுப்பிள்ளையைச் சந்தேகித்தேன். காங்கேசன்துறையார் அவருக்கு ஏதும் கொடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். கடைசியில் மச்சானையே சந்தேகிக்கத் தொடங்கினேன். இருந்த காலத்திலும் காரணம் சொல்லாமல் ஒரு காரியத்தைத் தடுக்கிற மனிதர்தான் அவர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் முறை நீர்வேலிச் சந்தியில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது முருகேசர் கண்டுவிட்டார்.

"எங்கடை வாசலுக்குக் கிட்ட வந்திட்டுப் போறதோ? நேற்றும் கார் வந்ததெண்டு கதைச்சினம்."

என்ன சொல்லித் தப்புவது? வீட்டுக்குப் போனோம், தேத்தண்ணி குடித்தோம், இரண்டு குலையோடு புறப்பட்டோம். கோப்பாயில் எஞ்சின் நின்றது.

வேலுப்பிள்ளை வழக்கம்போல இறங்கிக் குலையில் கை வைத்தார். "தொடாதையுங்கோ" என்றேன். "முதல்லை சுழற்றிப் பாருங்கோ."

சுழற்றினார். இல்லை. பத்துத் தரம் சுழற்றினார். இல்லை. ஒரு குலையை இறக்கினோம். இல்லை. மற்றதையும் இறக்கினோம். முதல் சுழற்றிலேயே பிடித்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நானே இரண்டு குலையையும் தூக்கி அதே இடத்தில் பொத்தென்று வைத்தேன். எஞ்சின் நின்றது.

குலைகளை மீண்டும் இறக்கி, காலடிப் பலகையைக் கழற்றினோம். நடுவில் வெடித்திருந்தது. அதற்குக் கீழே, பற்றறியிலிருந்து கொயிலுக்குப் போகும் கம்பி துணி சுற்றி ஓடியது. துணியில் ஒரு கீறல்கூட இல்லை. வேலுப்பிள்ளை அதை விரலால் அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் எலும்பில்லாத விரல்போல மடிந்தது. துணியை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு முறிந்து, இரண்டு நுனியும் பச்சை பிடித்துத் தொட்டும் தொடாமலும் கிடந்தன. பாரம் ஏறிப் பலகை குலுங்கித் தாழ்ந்தால் நுனிகள் விலகி மின்சாரம் அறும்; பாரத்தை இறக்கினால் சேரும். ஹோர்னுக்கு வேறு கம்பி என்பதால் அது எப்போதும் கத்தியது.

வேலுப்பிள்ளை தெருவோரத்தில் குந்திவிட்டார். "இந்தக் கம்பியை எத்தினை தரம் துடைச்சிருப்பன், ஐயா. சாமான் எடுக்கவெண்டு பாரத்தை இறக்கிப்போட்டு, பிழையைத் தேடியிருக்கிறன்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதோடு சங்கடமாகவும் இருந்தது. அள்ளித் தந்த வீடுகளிலிருந்து வந்தபோதெல்லாம் கார் நின்றிருக்கிறது. பனங்கட்டித் துண்டோடு அனுப்பிய வீட்டிலிருந்து பறந்து வந்திருக்கிறது. சாவகச்சேரியாரிடம் சாதகத்தைச் சாட்டியதை நினைத்து நாணினேன். முறிந்த துண்டை வெட்டி எடுத்து, மீதிச் செம்பை முறுக்கிக் கட்டி, கோப்பாய்த் தச்சர் ஒருவரிடம் புதுப் பலகை அடித்து, பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு சேர்ந்தோம்.

முறிந்த கம்பித் துண்டைத் தங்கையின் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கம்பி முறிஞ்சது சரி, அண்ணை. அதை முறிச்சது ஆர்?"

கதவுக்குப் பின்னால் புவனேஸ்வரியின் சேலைத் தலைப்புத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. தங்கையும் அவள் பின்னால் உள்ளே போனாள். அரை மணித்தியாலம் கழித்துத் தங்கை குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக வந்து, "நாளைக்கு நானும் வாறன். நீர்வேலிக்குப் போட்டு வருவம். வரேக்கை நிண்டால் பேந்து ஒருதரும் ஒண்டும் கதைக்கக் கூடாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. தங்கை பின்சீற்றில். நீர்வேலியில் முருகேசரின் மனைவி அவளைக் குசினிக்குள் அழைத்துப்போனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இரண்டு பெண்களும் உள்ளேயே இருந்தார்கள். சிரிப்பும் கேட்டது, மூக்கு உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாப்பிள்ளை இந்தமுறை கை கழுவிக்கொண்டு வந்து கும்பிட்டார். புறப்படும்போது மூன்று குலை ஏற்றினார்கள்.

கோப்பாயைத் தாண்டினோம். நான் மூச்சு விட்டேன். இருபாலையில் பட்டென்று ஒரு சத்தம். கார் ஒருபக்கம் சரிந்து இழுபட்டு நின்றது.

இறங்கிப் பார்த்த வேலுப்பிள்ளை, பின்சில்லில் இரண்டு அங்குல ஆணி என்றார். மாற்றுச் சில்லைக் கழற்றத் தொடங்கினார். நான் பின்னால் திரும்பவே இல்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தங்கை இறங்கி, புளியமர நிழலில் போய் நின்று, குலையிலிருந்து பழுத்ததாக ஒன்றைப் பறித்து உரித்தாள்.

"கெதியாப் பூட்டுங்கோ, வேலுப்பிள்ளை. பிள்ளை பாத்துக்கொண்டிருப்பள்" என்றாள்.

சில்லு மாற்ற நாற்பது நிமிடம். வீட்டுக்கு வந்ததும் நேரே உள்ளே போனாள். மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நீர்வேலிக்கு ஓமெண்டு சொல்லப் போறன், பிள்ளை." கொஞ்ச நேரத்துக்குப் பின் புவனேஸ்வரி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்; அதில் நாலுபேருக்குப் போதுமான சீனி இருந்தது.

ஆனியில் கலியாணம் நடந்தது. லீவு முடிந்து யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் கொழும்பு ரெயிலுக்குக் காத்திருந்தபோதுதான் தங்கையிடம் கேட்கத் துணிவு வந்தது. எங்கள் ரெயில்வேயில் ஒரு வண்டி ஐந்து நிமிடம் நின்றாலும் காரணத்தை எழுதி, கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் விடுமா?

"நீ வந்த அண்டும் இருபாலையிலை கார் நிண்டதுதானே. அப்ப மட்டும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவர் நிப்பாட்டிறதெண்டால் எஞ்சினைத்தான் நிப்பாட்டியிருப்பார், அண்ணை. சில்லுக்கை ஆணி ஏத்துற மனுசனே அவர்?"