அக்கா இறங்கிய ஆறு

அக்கா சேர்ந்திருந்த சபையின் விதி தெளிவானது. ஞானஸ்நானம் ஓடும் தண்ணீரில் முழுகிப் பெறவேண்டும். உடலோ மனமோ இடங்கொடாதவர்களுக்குத் தலைமையகத்தின் அனுமதியோடு தலையில் நீர் தெளித்தால் போதும். விதியின் பிற்பாதி அக்காவுக்குப் பொருந்தும் என்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற நான் கருதினேன்.

அக்கா அனுமந்தன்பட்டியில் பிறந்து உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். முல்லையாற்றில் வெள்ளம் வந்த ஒரு நாள், மாட்டைக் கரையேற்றப் போன அத்தானை ஆறு கொண்டுபோயிற்று. அதன்பின் அக்கா பேருந்தில் ஆற்றுப்பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பார். திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போய் ஒரே மகளை ஆளாக்கினார்.

1996இல் சபைக்குப் போகத் தொடங்கினார். ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருவிருந்து கிடையாது. ஒவ்வொரு முறையும் அப்பத்தட்டு அக்காவைத் தாண்டி அடுத்தவரிடம் போகும். பயம் உள்ளவளுக்கு விசுவாசம் ஏது என்று சபை அம்மாள் ஒருவர் கேட்காமலே கருத்தும் வழங்கினார். அந்தச் சொல்லை அக்கா ஆண்டுக்கணக்கில் சுமந்தார்.

"ஆண்டவர் கூப்பிட்டும் போகாதவளுக்கு அவர்கிட்ட என்ன சோலி தம்பி? பயந்தவள்னு தள்ளிருவாரோ?" என்று என்னிடம் கேட்டார். நீர் தெளிக்க அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். மருத்துவச் சான்று இணைத்தேன், நினைவூட்டுகள் அனுப்பினேன். தலைமையகம் மௌனம் காத்தது.

இதற்கிடையே, தேனி ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளோடு இருப்பதை அக்கா ஊழியமாகக் கொண்டார். 2003இல் பக்கத்து வீட்டு ரஹ்மத்துக்கு அங்கே அறுவை சிகிச்சை. அன்று காலை ரஹ்மத் கட்டிலை விட்டு எழ மறுத்தார்.

"பயத்தோடயே உள்ள போ. நான் வாசல்ல இருக்கேன்" என்றார் அக்கா.

"ஆத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்காதவுக சொல்றீக. இந்தப் பேச்சு எனக்கு மட்டுந்தானாக்கா?" என்று கேட்டுவிட்டு ரஹ்மத் உள்ளே போனார்.

அடுத்த ஞானஸ்நான ஆராதனைக்கு அக்கா பெயர் கொடுத்தார். பதில் நிலுவையில் இருக்கிறது, பொறுங்கள் என்று நான் தடுத்தேன்.

"அது வர்றப்ப வரட்டும் தம்பி. பயம் போகட்டும்னு இருந்தா நானே போய்ச் சேந்துருவேன்."

முல்லையாற்றில் முழங்காலளவு இறங்கியதும் அக்கா நின்றுவிட்டார். உடம்பெல்லாம் நடுங்கியது. திரும்பிவிடலாம் அம்மா என்றார் போதகர். அக்கா அவர் கையை விடவில்லை. முன்னேயும் போகவில்லை.

துண்டோடு கரையில் நின்ற ரஹ்மத் சொன்னார்: "நான் வாசல்ல இருக்கேன்க்கா."

அக்கா முழுகினார். எழுந்தபோதும் நடுக்கம் போகவில்லை. அதன்பிறகும் பாலம் வந்தால் கண்ணை மூடத்தான் செய்தார். ஆனால் அடுத்த திருவிருந்தில் தட்டு அவர்முன் நின்றது.

கடைசியாக நெஞ்சுவலியில் படுத்தபோதும் பயமாக இருக்கிறது என்றே சொன்னார். பயப்படுவதால் ஆண்டவர் தன்னைத் தள்ளிவிடுவாரோ என்ற சந்தேகத்தை மட்டும் அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை.

கடைசிவரை உடனிருந்த ரஹ்மத்துக்கும் அவர் வீட்டாருக்கும், ஆற்றில் கை கொடுத்த போதகருக்கும், அடக்கத்துக்கு வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தலைமையகத்தையும் விட்டுவிடக் கூடாது. அக்கா முழுகத் தேவையில்லை என்று அவர்கள் அனுமதித்த பதில் வந்து சேர்ந்தது, அவரை அடக்கம் செய்த மறுநாள், 2008 ஆகஸ்ட் 12.