அடித்தவன் பேசிய பாஷை

ஏப்ரல் நாலாம் தேதி எங்கள் தல்மே ஊரில் தியாகியின் வாரிசாக இல்லாத ஒருவனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1919இல் அந்த நாளில்தான் சந்தைக்கு வந்த ஜனம் கொரியக் கொடியைத் தூக்கி "மான்சே", அதாவது வாழ்க, என்று கத்தி நாட்டை ஆண்ட ஜப்பான்காரனை எதிர்த்தது. ஏழு பேர் செத்தார்கள். அதை ஆண்டுதோறும் அதே சந்தைத் திடலில் நாடகமாகப் போடுகிறோம். வெள்ளை உடுப்புகள் வாடகைக்கு வரும். அதற்குக் கீழே பாதிப் பேர் ஓட்டப்பந்தயக் காலணி போட்டிருப்பார்கள். செத்து விழுந்த பத்தாவது நிமிடம் எல்லோரும் எழுந்து மக்கொல்லிக் கள்ளுக்கு வரிசையில் நிற்போம்.

விழாக் குழுத் தலைவர் பியொன் சங்யுன், பியொன் என்பது குடும்பப் பெயர். சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளி ஆசிரியர் வேஷம் அவருக்குத்தான். வேறு யாரும் கேட்டுவிட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு அவர் சாக எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஒரு வருடம் நெஞ்சில் குண்டு பட்ட பிறகு நாலு நிமிடம் பேசினார், அதில் புதிய பாலத்துக்கு நிதி தந்தவர்களுக்கு நன்றியும் இருந்தது.

அவரைச் சுடுகிற ஜப்பான் போலீஸ்காரன்தான் மோ சாங்பே. திடலுக்கு எதிரே டயர் கடை வைத்திருப்பவன். முப்பது வருடத்துக்கு முன் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் முப்பது வருடம் இருந்தாலும் வெளியூர்க்காரன் வெளியூர்க்காரன்தான். எதிரி வேஷத்தை யார் தலையில் கட்டுவது என்று குழு யோசித்தபோது ஒரு நொடிகூட ஆகவில்லை. கழுத்து குட்டை, குரல் தடிமன், மறுத்துப் பேசத் தெரியாதவன். வேறென்ன வேண்டும்?

பதினாலு வருடம் அவன் அதைச் செய்தான். சினிமாவில் கேட்ட மூன்று ஜப்பானிய வசைச் சொற்களை மாற்றி மாற்றிக் கத்துவான். பிள்ளைகள் அவன்மேல் அரிசிக் கேக்கை விட்டெறியும். எங்களை அடிக்கிற தடியில் அவனே பஞ்சு சுற்றித் தைத்து வைத்திருந்தான். மூன்றாம் கிராமவாசியாக வருடாவருடம் அவனிடம் அடி வாங்கியவன் நான், விதைக்கடை யம் தொக்சு. ஒரு முறைகூட வலித்ததில்லை.

பதினைந்தாம் வருடம் பாரம்பரியக் கண்காட்சி என்று ஒன்றை நகர மண்டபத்தில் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் 1919 கிளர்ச்சி வழக்கில் ஜப்பானிய மொழியில் எழுதிய தீர்ப்பின் நகல். முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மொழிபெயர்த்து அச்சடித்த தாள்கள் கழிப்பறைக் கதவோரம் ஒரு நாற்காலியில் தூசி படிந்து கிடந்தன. அங்கே வரிசையில் நின்ற சாங்பே பொழுது போகாமல் ஒன்றை எடுத்துப் படித்திருக்கிறான்.

மறுநாள் ஒத்திகைக்கு அந்தத் தாளோடு வந்தான்.

"தலைவரே, இதப் பாத்தீங்களா? அன்னைக்கி சந்தையில ஜப்பான்காரன் ரெண்டே பேருதான் இருந்திருக்கான். அவனுங்க ஓரமா நின்னு சிகரெட் புடிச்சிருக்கானுங்க. அடிச்சது அத்தனையும் நம்மாளுதான். துணைப் போலீசு."

"யாரு அடிச்சா என்னப்பா? அடி அடிதான். தொப்பியப் போட்டுட்டு வா."

"கருவாடு வித்தவன் சாட்சி சொல்லிருக்கான். அடிச்சவன் பேரு பியொன்னு சொல்லிருக்கான்."

தலைவர் ஒட்டுத்தாடியைக் கழற்றினார். "பியொன்னு ஆயிரம் பேரு இருக்கான் இந்த நாட்டுல."

"நாட்டுல இருக்கலாம் தலைவரே. இந்த ஊருல பியொன் வீடு நாப்பது. எல்லாம் உங்க சொந்தக்காரங்க."

"சாங்பே, நீ எந்த ஊரு?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு மேல் எங்கள் ஊரில் யாரும் வாதாட முடியாது. நாங்கள் சிரித்தோம். நானும்தான். சாங்பே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொப்பியைப் போட்டான்.

விழா நாளன்று நல்ல வெயில். திடல் நிறையக் கூட்டம். நாங்கள் கொடியோடு ஓடி வந்து "மான்சே" என்று கத்தினோம். சாங்பே தடியோடு என் முன்னால் வந்தான். வழக்கமான வசைக்காக நான் காத்திருந்தேன். அவன் குரலைத் தணித்து எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினான். ஒலிபெருக்கி அதை எல்லோருக்கும் கேட்க வைத்தது.

"டேய், ஒன்ன எனக்குத் தெரியும்டா. ஒங்கக்கா கல்யாணத்துல ஒங்க வீட்டுலதான் சாப்பிட்டேன். ஒங்கம்மா அழுவா, வீட்டுக்குப் போயிரு. போவலேன்னா காலை ஒடைச்சிருவேன். ஒடைச்சிட்டு நாளைக்கி ஒங்க வீட்டுக்கே வந்து எப்படி இருக்கான்னு வெசாரிப்பேன்."

பிறகு அடித்தான். அதே பஞ்சுத் தடிதான். ஆனால் நான் நிஜமாகவே கையால் தலையை மறைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளைகூடக் கேக்கை எறியவில்லை.

முன்வரிசை நாற்காலியிலிருந்து தே தாத்தா எழுந்தார். எண்பத்து மூன்று வயது. கம்பை ஊன்றி நாடகத்துக்கு நடுவே நடந்து வந்து சாங்பேயின் தடியைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்பா. அன்னைக்கி எங்கப்பன் காலை ஒடைச்சவன் இப்படித்தான் பேசுனானாம். மறுநா வீட்டுக்கு வெசாரிக்க வந்தானாம். பேரிக்காய் வாங்கிட்டு வந்தானாம். பேரு மட்டும் சாகுற வரைக்கும் எங்கப்பன் சொல்லல. ஒரே ஊருல்ல."

தாத்தா அழவில்லை. சாங்பேதான் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். யாரோ அவசரமாகத் துப்பாக்கிச் சத்தத்தை ஒலிபரப்பினார்கள். அந்த வருடம் தலைவர் ஒரு வார்த்தை பேசாமல் செத்தார்.

மூன்றாம் நாள் குழு ஒரு கடிதம் தயாரித்தது. 'தியாகிகளின் மாண்பையும் ஊரின் ஒற்றுமையையும் குலைத்ததால்' மோ சாங்பேயை நாடகத்திலிருந்து நீக்குவதாக எழுதியிருந்தது. இருபத்து மூன்று கையெழுத்து. ஏழாவது என்னுடையது. என் கடை இருக்கும் கட்டடம் பியொன் குடும்பத்துடையது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது.

சாங்பே கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தான்.

"ஏழாவதாண்ணே? இன்னுங் கொஞ்சம் முன்னாடி போயிருந்தா மொத வரியில எடம் கெடைச்சிருக்குமே."

"தப்பா நெனைக்காத சாங்பே. ஊரோட ஒத்துப்போகணும்ல."

"அதத்தான் அன்னைக்கி அடிச்சவனும் சொல்லிருப்பான்."

போலீஸ் உடுப்பைத் தேய்த்து மடித்து வைத்திருந்தான். பூட்ஸுக்கு மெருகு போட்டிருந்தான். எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு டயர் பக்கம் திரும்பினான்.

கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் மொழிபெயர்ப்புத் தாளை வைக்கச் சொல்லி அவன் மண்டபத்துக்கு இரண்டு முறை போனானாம். தாள் தீர்ந்துவிட்டது என்றார்களாம். பிறகு அவனே நகல் எடுத்துக் கடையில் அடுக்கி வைத்தான். காற்றடிக்க வந்தவர்களில் சிலர் எடுத்துப் போனார்கள். பலர் எடுக்கவில்லை. பியொன் வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்துப் போனாள் என்று ஒரு பேச்சு உண்டு. யாரும் அவளைக் கேட்கவில்லை. ஊர் என்றால் அப்படித்தான், கேட்காமல் இருப்பதில் எங்களுக்கு நூறு வருடப் பழக்கம்.

அடுத்த வருடம் போலீஸ்காரன் வேஷம் எனக்குக் கிடைத்தது. தலைவரே அந்த மூன்று வசைச் சொற்களையும் சொல்லிக் கொடுத்தார். உச்சரிப்பு எனக்கு நன்றாக வருவதாகப் பாராட்டினார். நான் கத்தினேன், பிள்ளைகள் கேக்கை எறிந்தன, தலைவர் ஐந்து நிமிடம் செத்தார். எல்லோருக்கும் திருப்தி.

முன்வரிசையில் தே தாத்தாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எதிரே டயர் கடையில் திடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சாங்பேயோடு சேர்ந்து மாட்டுக்கறிச் சூப்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குள் தலைநகர் சியோலிலிருந்து வந்த ஒரு ஜோடி, "ஐயா, கொஞ்சம் கோபமா நில்லுங்க, படம் எடுத்துக்கிறோம்" என்று கேட்டது. நின்றேன்.